'எல்லா கிட்டாருக்கும் பொருந்தும்' என்று விற்ற டியூனிங் கீ: விரிசலுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் தருகிறேன். இதுதான் என் பிழைப்பு. அப்பா வாசித்த பழைய அக்கூஸ்டிக் கிட்டாரில் டியூனிங் கீகள் தேய்ந்துவிட்டதால், இணைய விற்பனைத் தளம் ஒன்றில் ஆறு கீ கொண்ட புது செட்டை 1,900 ரூபாய்க்கு வாங்கினேன். 'எல்லா அக்கூஸ்டிக் கிட்டாருக்கும் அப்படியே பொருந்தும்' என்று போட்டிருந்தது. மாட்டித் தரச் சொல்லி ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன். துளை சிறியது என்று என்னிடம் கேட்காமலே டிரில் போட்டுப் பெரிதாக்கியதில் தலைப்பகுதியில் விரிசல் விழுந்துவிட்டது. கடையிலேயே வாசித்துப் பார்த்தேன். ஒரு கீ சுருதியில் நிற்கவும் இல்லை. ஒரு கச்சேரி கைவிட்டுப் போனது. விற்றவர், 'மாட்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார். கடைக்காரரோ, 'நீங்கள் கொண்டுவந்த பொருள், எனக்குப் பொறுப்பில்லை. கூலி 1,200 ரூபாய் தந்தால்தான் கிட்டார்' என்கிறார். நான் யார்மேல் வழக்குப் போடுவது?
வாசகர், திருச்சி.

பதில்: இருவர்மேலும் போடலாம், ஒரே மனுவிலேயே. தனித்தனியாகப் போட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிக்கப் பார்ப்பார். ஆனால் இருவர் செய்த தவறும் ஒன்றல்ல. மனுவில் அதைப் பிரித்துச் சொன்னால்தான் வழக்கு நிற்கும்.

முதலில் கிட்டாரை வெளியே கொண்டுவாருங்கள். உழைப்பும் திறமையும் செலுத்தி வேலை செய்தவர், கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170வது பிரிவு சொல்கிறது. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைச் சட்டமே அதற்கு உதாரணமாகக் காட்டுகிறது. ஆனால், ஒப்படைத்த நோக்கத்தின்படி வேலை நடந்திருந்தால்தான் அந்த உரிமை. விரிசல் விட்ட கிட்டாருக்கு அது பொருந்தாது என்று வாதாட இடமுண்டு. நுகர்வோர் ஆணையத்தில் இடைக்கால உத்தரவும் கேட்கலாம். இருந்தாலும் உங்கள் பிழைப்பு அந்தக் கருவியில் இருக்கிறது. 'என் ஆட்சேபணையுடன், என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் இந்தத் தொகையைச் செலுத்துகிறேன்' என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிட்டு, பணத்தைக் கட்டி, ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை.

கிட்டார் கைக்கு வந்ததும் அவசரப்பட்டு வேறு கடையில் துளையை அடைக்கக் கொடுத்துவிடாதீர்கள். அந்தத் துளைதான் உங்கள் முக்கியச் சாட்சி. பழைய பாணி கீகளுக்கான துளை பெரும்பாலும் எட்டரை முதல் ஒன்பது மில்லிமீட்டருக்குள் இருக்கும். எண்ணெய் அடைத்து மூடிய இன்றைய கீகள் பலவற்றுக்குப் பத்து மில்லிமீட்டர் வேண்டும். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். ஆனால் ஏற்கெனவே இருக்கும் துளைக்குள் சாதாரண டிரில் முனையை விட்டால் அது மரத்தைக் கவ்வி இழுக்கும். பாலிஷ் பெயரும், இழையோட்டத்தில் மரம் பிளக்கும். கைதேர்ந்தவர்கள் ரீமரை வைத்துக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டித்தான் அகலமாக்குவார்கள். கிட்டார் வேலை தெரிந்த இன்னொருவரை அழைத்து, வெர்னியர் காலிப்பரில் ஆறு துளைகளையும் அளந்து, அளவு தெரியும்படி படம் எடுத்து, பிரமாணப் பத்திரம் வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய கீகளையும் கடைக்காரரிடமிருந்து கேட்டு வாங்குங்கள். முதலில் துளை எந்த அளவில் இருந்தது என்பதற்கு அவையே ஆதாரம்.

இனி விற்றவர் விஷயம். குறைபாடு என்றால் உடைந்த பொருள் மட்டுமல்ல. விற்பவர் எந்த விதத்திலாவது சொன்ன தரத்துக்குக் குறைந்திருந்தாலும் அது குறைபாடுதான் என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(10)ஆம் பிரிவு. 'அப்படியே பொருந்தும்' என்ற வாசகம் அவரை நன்றாகக் கட்டிப்போடுகிறது. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும் விற்பனையாளருக்குக் கட்டளையிடுகின்றன.

அவர் பக்கத்து வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். பொருளை உங்களுடையதாகவே எடுத்து மாட்டிய பிறகு அதை 'ஏற்றுக்கொண்டதாக' 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் கருதக்கூடும். அந்தச் சட்டப்படி அதன்பின் நிராகரிக்கும் உரிமை குறைகிறது. நஷ்டஈடு கேட்கும் உரிமை குறைவதில்லை. நுகர்வோர் ஆணையத்துக்கோ பொருளை மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடு வழங்கவும் உத்தரவிட அதிகாரம் இருக்கிறது. எனவே 'மாட்டிவிட்டீர்கள்' என்ற ஒற்றைப் பதிலோடு அவர் முடித்துக்கொள்ள முடியாது. 'பிழைப்புக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல' என்றும் வாதிடுவார்கள். சுயதொழிலில் வாழ்க்கை நடத்த மட்டும் வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. கவலை வேண்டாம்.

சுருதி நிற்காத கீயைப் பற்றிக் குற்றம் சொல்லும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். இந்தக் கீகளில் திருகுப்பல் ஒன்று பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பல்விகிதம் 14:1 என்றால் குமிழைப் பதினான்கு சுற்று சுற்றினால் தந்தி சுற்றிய தண்டு ஒரு சுற்று சுற்றும். தந்தியின் இழுவையால் அந்தப் பற்கள் பின்னோக்கிச் சுழலாது, அமைப்பே அப்படி. சுருதி இறங்கினால், கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் 'நட்' பட்டையில் தந்தி சிக்குவதோ தண்டில் சரியாகச் சுற்றப்படாததோ காரணமாக இருக்கலாம். தண்டின் முனையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, சுருதி சேர்த்து, அரை மணி நேரம் வாசியுங்கள். கோடு நகர்ந்திருந்தால் பழுது கீயில்தான். நகராமல் சுருதி மட்டும் இறங்கியிருந்தால் அந்தக் குற்றச்சாட்டை மனுவில் எழுதாதீர்கள். ஒரு தவறான குற்றச்சாட்டு, சரியான மற்றவற்றின் மதிப்பையும் கெடுத்துவிடும்.

ரிப்பேர் கடைக்காரர்மேல்தான் எனக்கு அதிக வருத்தம். தன்னிடம் ஒப்படைத்த பொருளைச் சாதாரண விவேகமுள்ள மனிதர் தன் சொந்தப் பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 151வது பிரிவு. 'மாட்டிக் கொடு' என்ற பேச்சுக்குள் மரத்தை நிரந்தரமாக மாற்றும் அனுமதி அடங்காது. பொருந்தவில்லை என்று தெரிந்த கணமே வேலையை நிறுத்தி உங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிட்டிருந்தால் அன்றே கீகளைத் திருப்பி அனுப்பியிருப்பீர்கள், சேதமே நேர்ந்திருக்காது. சேவைக் குறைபாடு என்று சொல்ல இதைவிடத் தெளிவான சங்கதி தேவையில்லை.

கைவிட்டுப் போன கச்சேரிக்கு? தேதியை முன்கூட்டிக் கடைக்காரரிடம் சொல்லியிருந்தால் கேட்கலாம். மாவு ஆலையின் உடைந்த தண்டு தாமதமாகப் போய்ச் சேர்ந்ததால் எழுந்த 1854ஆம் ஆண்டு இங்கிலாந்து வழக்கில் வகுத்த விதியே நம் ஒப்பந்தச் சட்டத்தின் 73வது பிரிவிலும் இருக்கிறது: ஒப்பந்தத்தை மீறியதால் இயல்பாக நேரும் நஷ்டத்துக்கும், நேரக்கூடும் என்று ஒப்பந்த நேரத்தில் இருவரும் அறிந்திருந்த நஷ்டத்துக்கும்தான் பொறுப்பு. அப்பாவின் கிட்டார் என்ற உணர்வுக்கு விலை போடுவது சிரமம். மன உளைச்சல் என்ற தலைப்பில் நியாயமான தொகையைக் கேளுங்கள். விரிசலை ஒட்டவும், கெட்டி மரக்கட்டையால் துளைகளை அடைத்து மறுபடி போடவும் ஆகும் செலவுக்கு எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். உங்கள் இழப்பீட்டின் அடிப்படை அதுதான்.

விற்பனைப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நாளை வாசகம் மாறலாம். 2023ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63வது பிரிவின்படி சான்றிதழும் அதோடு இணைக்க வேண்டும். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். இறக்குமதியாளர் பெயரும் தயாரான நாடும் அதில் இருக்கும். தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். பயன் இல்லையென்றால் இருவருக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் திருச்சியிலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம்.

அடுத்த செட் வாங்கும்முன், துளையின் விட்டம், தலைப்பகுதியின் தடிமன், திருகு துளைகள் இருக்கும் இடம், மூன்று கீ ஒரே தகட்டில் இருந்தால் தண்டுகளுக்கிடையே உள்ள தூரம், எல்லாவற்றையும் அளந்து விற்பவருக்கு எழுதி, 'இதற்குப் பொருந்துமா?' என்று கேளுங்கள். 'பொருந்தும்' என்று அவர் பதில் தந்தால், சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16வது பிரிவு உங்கள் பக்கம் வந்துவிடும். கடைக்காரரிடமும் கிட்டாரை ஒப்படைக்கும்போதே, 'என்னைக் கேட்காமல் துளை போடக் கூடாது' என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். துளைகளை அடைக்க மனமில்லை என்றால், பத்து மில்லிமீட்டர் துளையில் பழைய பாணி கீகளை உட்கார வைக்கும் கன்வர்ஷன் புஷ் கிடைக்கிறது. விரிசலை ஒட்டிய பிறகு அதை மாட்டலாம். மரத்தில் மறுபடி கைவைக்க வேண்டியிருக்காது.