நிலமிழந்து வந்த குடும்பத்திற்கு நாம் ஆற்றும் துணை

துன்புற்றோர்க்கு உதவ வேண்டும் என்பதை அறியாதார் இல்லை. எம்முறையில் உதவுவது என்பதே கற்க வேண்டிய பாடமாகும். ஒரு பெண் கொடுமைக்குள்ளாகி, அவள் குடும்பம் நிலத்தையும் இழந்து வந்து நிற்குமாயின், சோறும் துணியும் அளித்ததோடு நம் கடமை தீர்ந்ததெனக் கருதலாகாது.

பாலக்காடு ஜில்லாவில், கோயமுத்தூர் எல்லையை ஒட்டிய அட்டப்பாடியைப் பாருங்கள். இருளர், முடுகர், குறும்பர் வாழும் இம்மலைநாட்டில் 1951-ஆம் ஆண்டில் பத்தில் ஒன்பது பங்கினர் ஆதிவாசிகள். 2011-இல் பாதிக்கும் குறைவு. நிலம் குடியேறியோர் கைக்குச் சென்றது. அதைத் தடுக்கக் கேரளத்தில் 1975-இல் சட்டம் பிறந்தது. விதிகளோ 1986-இல்தான் வந்தன. 1999-ஆம் ஆண்டுச் சட்டம், 1986 ஜனவரி 24-க்கு முன் கைமாறிய விளைநிலத்தில் இரண்டு ஹெக்டேர் வரை அனுபவிப்பவரிடமே விட்டு, இழந்தவர்க்கு மாற்று நிலம் தரச் சொல்லிற்று. காலம் தாழ்த்தினால் உரிமை தேயும் என்பது இதனால் விளங்கும்.

பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையையும் நிலப்பறிப்பையும் தனித்தனியே எண்ணுவது பிழை. அச்சத்தால் குடும்பம் ஊரை விட்டகன்றால், காவலற்ற நிலம் பிறர் வசமாகிறது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இவ்விரண்டையுமே குற்றமாகக் கொள்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதார் இவர்கள் மீது இழைக்கும் குற்றங்களுக்கு அது பொருந்தும். பௌத்தம் தழுவிய பட்டியல் சாதியினருக்கும் 1990-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அவ்வுரிமை உண்டு.

இனி, துணை நிற்கும் முறையைக் காண்போம்.

முதலாவது, பாதுகாப்பும் மருத்துவமும். பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவர்க்குத் தனியார் மருத்துவமனையும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும்.

இரண்டாவது, புகார். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எங்கு நிகழ்ந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் அதைப் பதியலாம். ஆனைக்கட்டி எல்லையைக் கடந்து தமிழ்நாட்டிற்குள் வந்தவர் அதற்காகத் திரும்பிச் செல்ல வேண்டுவதில்லை. பாலியல் குற்றமாயின் பெண் அதிகாரியே வாக்குமூலத்தைப் பதிய வேண்டும். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கும் இவ்வகுப்பினருக்கும் வருமானத்தைப் பாராமல் இலவச வக்கீல் உண்டு.

மூன்றாவது, நிலம். வரி ரசீது, பழைய பத்திரம் எதுவாயினும் திரட்டுக. பாலக்காட்டிலாயினும் இடுக்கியிலாயினும், காட்டு நிலத்திற்கு 2006-ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டம் வழிகாட்டுகிறது. பெரியோர் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அதுவும் சான்றாகும். அப்பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் அமைய வேண்டும். பெண் தனியே குடும்பம் நடத்தினால் அவள் பெயரிலேயே அமையும்.

நான்காவதே அனைத்திற்கும் அடிப்படை. அவள் விருப்பமின்றி அவள் கதையைப் பிறரிடம் சொல்லாதீர்; சமரசம் செய்துகொள்ளென வற்புறுத்தாதீர். ஊர் திரும்புவதா, வேறிடத்தில் வாழ்வதா என்பதை அவளே தீர்மானிக்கட்டும். அவமானம் குற்றமிழைத்தவனுக்கேயன்றி அவளுக்கன்று.

நம் சங்கங்கள் ஒவ்வொன்றும் இரு சகோதரிகளை இப்பணிக்கென நியமித்து, ஜில்லா சட்ட உதவி அலுவலகத்தின் முகவரியை இன்றே குறித்து வைத்துக்கொள்க. வழக்கு முடியப் பல ஆண்டுகள் ஆகலாம். அதுவரையில் அக்குடும்பத்தின் பிள்ளைகள் பள்ளி செல்வதையும், பெற்றோர்க்கு வேலை கிடைப்பதையும் கவனித்து வருவது நம் பொறுப்பாகும்.