கருவாட்டு அறைக்கு ஒரு டிரம்

ஆதிச்சநல்லூரில் எங்கள் மாமாவுக்குக் கருவாட்டு வியாபாரம். கடற்கரையிலிருந்து வரும் நெத்திலி, சாளை, வாளை எல்லாம் வீட்டை ஒட்டிய அறையில்தான் இருப்பு. அந்த வாடையில் பெரும்பங்கு அமீன்களும் அம்மோனியாவும். மழைக்காலத்தில் சரக்கு ஈரம் கோத்துவிட்டால் ஹைட்ரஜன் சல்பைடும் சேரும். "ஏல, மணி பிளான்ட் வாங்கி வச்சா நாத்தம் போயிருமாமே?" என்று மாமா கேட்டார். போகாது என்றேன்.

தொட்டிச் செடிகள் காற்றைச் சுத்தப்படுத்தும் என்ற பெயர் வந்தது 1989இல் நாசாவுக்காக வோல்வர்ட்டன் குழு செய்த ஆய்வால். அது காற்றுப் புகாத பெட்டிக்குள் நடந்தது. ஜன்னலும் கதவும் உள்ள வீட்டுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. 2019இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தார் பழைய சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். கட்டடத்தின் சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடுகட்டவே சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வேண்டுமாம். பிறகு கருவாட்டை எங்கே வைப்பது?

காற்றைச் சுத்தப்படுத்தும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது செடியல்ல, ஈர வேர்மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள். அவற்றின் ஊடாகக் காற்றைத் தள்ளினால்தான் பலன். கனடாவில் குவெல்ஃப்-ஹம்பர் பல்கலைக்கழகக் கட்டடத்தின் நான்கு மாடி உயரச் செடிச்சுவரில் விசிறி வைத்து இதைத்தான் செய்கிறார்கள். செடியே இல்லாமல் மக்கிய உரப் படுகையை மட்டும் வைத்துக் கழிவுநீர் நிலையங்களில் நாற்றம் போக்குவதும் உண்டு. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

நிலத்தில் குழி வெட்டிப் படுகை போடுவது ஒரு முறை. எங்கள் ஊரில் அது நடக்காது. தாழிகள் புதைந்த பறம்பு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்கே தடை. ஆகவே 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்.

அடியில் ஓட்டைத் தட்டு, அதற்கும் கீழே காற்றுக் குழாய், தண்ணீர் வடிய ஒரு திருகு. தட்டின் மேல் தேங்காய் மட்டைத் துண்டும் மக்கிய சாணியுரமும் கலந்து 150 லிட்டர் அளவுக்கு நிரப்பினேன். வெறும் நார்த்தூள் போட்டால் இறுகிவிடும். காற்று ஏதாவது ஓரத்தில் வழி பிடித்துத் தப்பிவிடும். மட்டையை ஊறவைத்துப் பலமுறை கழுவி உப்பை எடுப்பது அவசியம். ஈரம், கையில் பிழிந்தால் இரண்டொரு சொட்டு விழும் அளவு.

அறைக் காற்றை இழுத்து அந்தக் குழாயில் தள்ள, டீக்கடைக் கரியடுப்புக்கு வைக்கும் சின்ன புளோயரே போதும், ரெகுலேட்டர் போட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். நொடிக்கு 5 லிட்டர் காற்று போனால் படுகையில் அதற்கு 30 நொடி கிடைக்கும். வேகம் கூடினால் நுண்ணுயிர் தொடுமுன் வாடை வெளியே வந்துவிடும். முதல் சில வாரம் பெரிய மாற்றம் தெரியாது. நுண்ணுயிர் பெருக அவகாசம் வேண்டும், அதற்குள் பிரித்துப் போட்டுவிடாதீர்கள்.

சல்பைடைத் தின்னும் பாக்டீரியா கந்தக அமிலத்தை விடும்; படுகை புளித்துப்போகும். இதற்கு மருந்து முத்துக் குளித்த கரையிலேயே கிடக்கிறது. சிப்பி ஓட்டை உடைத்துக் கலந்தால் அதிலுள்ள கால்சியம் கார்பனேட் அமிலத்தை முறிக்கும். அயர்லாந்தில் ஓட்டுப் படுகையாலேயே நாற்றக் கருவி செய்து விற்றார்கள். ஓடு கரையக் கரையப் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

டிரம்மிலிருந்து வரும் காற்று ஈரமானது. அதைத் திரும்ப அறைக்குள் விட்டால் கருவாட்டில் பூஞ்சை பிடிக்கும். கொல்லைப்புறம் விடுங்கள், அறைக் காற்று வெளியே இழுபடுவதால் வாடை வீட்டுக்குள் வருவதும் குறையும். அடித் திருகை நாள்தோறும் திறந்து வடியுங்கள், தேங்கினால் கொசுதான் மிச்சம்.

வாடை முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். சாப்பிடும்போது தெரிவதில்லை, அவ்வளவுதான். இதைப் பார்த்துவிட்டு விறகடுப்புப் புகைக்கும் ஒன்று கேட்கிறார்கள். புகைத்துகள் படுகையை அடைத்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு இந்த டிரம்மை நம்பவே கூடாது. அடுப்பங்கரைக்குப் புகைபோக்கிதான் வைக்க வேண்டும்.