உங்கள் ரத்தமே உங்கள் கண்ணுக்கு மருந்து

"கண்ணுல மண்ணு விழுந்த மாதிரியே இருக்கு." அத்திப்பட்டு, எண்ணூர் பக்கம் இப்படிச் சொன்னால், "லாரிப் புழுதி, நிலக்கரித் தூசு, வேற என்ன?" என்றுதான் பதில் வரும். பல நேரம் அது சரியும்கூட. ஆனால் மாதக்கணக்கில் எரிச்சல் குறையவே இல்லையா? கூடவே வாய் வறண்டு, தண்ணீர் குடிக்காமல் சோறு இறங்கவில்லையா? மூட்டுவலியும் சோர்வும் இருக்கிறதா? அப்படியென்றால் பழியைத் தூசு மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள்.

என்ன நோய் இது?

நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்குவதுதான் ஷோக்ரன் நோய். ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933-ல் இதை விரிவாக எழுதினார். பாதிக்கப்படுபவர்களில் 10-க்கு 9 பேர் பெண்கள். முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் இது வரலாம். கவனிக்காமல் விட்டால் கருவிழியில் புண் வந்து பார்வையே பாதிக்கப்படும்.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

கீழ் இமையில் சிறு காகிதப் பட்டையை 5 நிமிடம் வைப்பார்கள். ஈரம் 5 மில்லிமீட்டர்கூட ஏறவில்லை என்றால் வறட்சி கடுமை. இதோடு ரத்தப் பரிசோதனையும் உண்டு.

ரத்தம் எப்படி மருந்தாகிறது?

முதலில் செயற்கைக் கண்ணீர், அழற்சியைக் குறைக்கும் சொட்டு மருந்து, கண்ணீர் வடியும் துளையை அடைப்பது என்று படிப்படியாகப் பார்ப்பார்கள். இவை போதாதபோதுதான் சீரம் சொட்டு மருந்து. கண்ணீரில் உள்ள வைட்டமின் ஏ, புண்ணை ஆற்றும் வளர்ச்சிக் காரணிகள் ரத்த சீரத்திலும் உள்ளன. கடையில் வாங்கும் செயற்கைக் கண்ணீரில் இவை கிடையாது.

உங்கள் கையிலிருந்து ரத்தம் எடுத்து, உறைய விட்டு, இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றுவார்கள். மேலே தெளியும் மஞ்சள் நீர்தான் சீரம். அதை உப்புநீரில், பெரும்பாலும் 20 சதவீத அளவுக்குக் கலந்து சிறு பாட்டில்களில் அடைப்பார்கள். எல்லாமே கிருமி நீக்கிய சூழலில் நடக்க வேண்டும். வீட்டில் யாரும் முயற்சி செய்யவே கூடாது.

வீட்டில் கவனம்

• இதில் கெடாமல் காக்கும் ரசாயனம் இல்லை. திறக்காத பாட்டில் ஃப்ரீசரில், திறந்தது ஃப்ரிட்ஜில்.
• எத்தனை நாள் வைக்கலாம் என்பதைக் கேட்டு பாட்டில் மேலேயே எழுதுங்கள். நாள் கடந்தால் கொட்டிவிடுங்கள்.
• ஐஸ் பெட்டியில் வைத்தே வீட்டுக்கு எடுத்து வாருங்கள். நீண்ட நேரம் கரண்ட் இல்லாவிட்டால் மருத்துவமனையைக் கேட்டபின் பயன்படுத்துங்கள்.
• பாட்டிலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.
• கை கழுவுங்கள். பாட்டில் முனை கண்ணில் படக் கூடாது.
• கண் சிவந்து வலித்தாலோ, சீழ் வந்தாலோ, பார்வை மங்கினாலோ மருந்தை நிறுத்தி அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

எங்கே போவது?

1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அத்திப்பட்டிலிருந்து ரயிலிலேயே போகலாம். மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் அடுத்த நிலையமே எழும்பூர். சீரம் மருந்து தயாரிக்கும் வசதி எல்லா மருத்துவமனையிலும் இருக்காது. அதனால் "எனக்கு இது தேவையா, எங்கே தயாரித்துத் தருவார்கள், செலவு எவ்வளவு?" என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். பழைய மருந்துச் சீட்டுகளை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் 104-ஐ அழையுங்கள்.

இந்த மருந்து நோயை வேரோடு நீக்காது. ஆனால் கருவிழி ஆறவும், வலி இல்லாமல் கண் திறக்கவும் உதவும். அதற்கு முதல் படி, பரிசோதனைக்குப் போவதுதான்.