மூட்டையில் ‘53’ இருந்தா போதுமா? சல்பேட்டைத் தாங்கும் சிமெண்ட் எது?

வீட்டுக்கு அஸ்திவாரம் போடப் போறீங்களா? கடையில் நாம கேட்கிற முதல் கேள்வி, “53 கிரேடு இருக்கா?” என்பதுதான். அந்த 53, சிமெண்டின் 28 நாள் வலிமையை மட்டுமே சொல்லும். மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இருக்கும் சல்பேட் உப்பை அது தாங்குமா என்று சொல்லாது.

சல்பேட் என்ன செய்யும்?

சிமெண்டில் ட்ரைகால்சியம் அலுமினேட், சுருக்கமாக சி3ஏ, என்ற பொருள் உண்டு. கான்கிரீட்டுக்குள் ஊடுருவும் சல்பேட், இதிலிருந்து உருவாகும் பொருட்களுடன் வினைபுரிந்து எட்ரிங்கைட் என்ற படிகமாகிறது. அது உள்ளிருந்தே கான்கிரீட்டை உப்ப வைக்கும், விரிசல் விழும். அஸ்திவாரம் மண்ணுக்குள் இருப்பதால் சீக்கிரம் கண்ணில் படாது.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

‘ஏஎஸ்டிஎம் சி1012’ என்ற அமெரிக்கச் சோதனை முறையில், சிமெண்ட்-மணல் கலவையில் சிறு கட்டைகள் வார்த்து, லிட்டருக்கு 50 கிராம் சோடியம் சல்பேட் கரைத்த நீரில் மூழ்க வைப்பார்கள். மாதக்கணக்கில் நீளத்தை அளப்பார்கள். 6 மாதத்தில் 0.10 சதவீதத்துக்குள் நீண்டால் மிதமான சல்பேட்டையும், 0.05 சதவீதத்துக்குள் என்றால் கடுமையான சல்பேட்டையும் தாங்கும் எனக் கொள்வார்கள். 250 மி.மீ. நீளத்தில் 0.10 சதவீதம் என்பது வெறும் கால் மில்லிமீட்டர்!

எது எங்கே?

• சல்பேட் எதிர்ப்பு சிமெண்ட் (ஐஎஸ் 12330): சி3ஏ 5 சதவீதத்தைத் தாண்டாது. கடுமையான சல்பேட் உள்ள மண்ணுக்கு ஏற்றது.
• சாம்பல் கலந்த பிபிசி, ஸ்லாக் சிமெண்ட்: நன்றாக க்யூரிங் செய்தால் சல்பேட் உள்ளே போவது குறையும்.
• கடலோரம்: அங்கே குளோரைடும் சேர்ந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். சி3ஏ குளோரைடைக் கொஞ்சம் பிடித்து வைப்பதால், சல்பேட் எதிர்ப்பு சிமெண்ட்தான் நல்லது என்று நினைத்துவிடாதீங்க. 50 சதவீதத்துக்கு மேல் ஸ்லாக் உள்ள சிமெண்டை ஐஎஸ் 456:2000 ஏற்கிறது.

நீங்க செய்ய வேண்டியது

1. வேலை தொடங்கும் முன் மண்ணையும் நிலத்தடி நீரையும் ஆய்வகத்தில் சோதியுங்கள். நாக்கில் உப்புக் கரிப்பதை வைத்து சல்பேட்டைக் கண்டுபிடிக்க முடியாது.
2. நிலத்தடி நீரில் சல்பேட், எஸ்ஓ3 கணக்கில், லிட்டருக்கு 1.2 கிராமைத் தாண்டினால் சாதாரண ஓபிசி வேண்டாம். ரிப்போர்ட்டில் எஸ்ஓ4 என்றிருந்தால் 0.83-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.
3. மூட்டையில் உள்ள சிஎம்/எல் எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டு, உரிமம் சரியா என்று பாருங்கள்.
4. கலவையில் தண்ணீரை இஷ்டத்துக்கு ஊற்ற விடாதீங்க. தண்ணீர் கூடினால் துளைகள் கூடும். எந்தச் சிமெண்டும் காப்பாற்றாது.