மக்காச்சோள ரொட்டியும் நம் மண்டிச் சரக்கும்

சரக்கின் பெயரைத் தெரிந்துகொள்வது பாதி வியாபாரம். வாங்குகிறவர் அதை எதற்குப் பயன்படுத்துகிறார் என்று தெரிந்துகொள்வது மீதிப் பாதி. இந்த மாதப் பாடத்தில் வெளிநாட்டுச் சமையலறைக்குச் சரக்குப் போடும் முறையைப் பார்ப்போம்.

1968 பிப்ரவரி 28-ல் 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டுத் தொடங்கப்பட்டது ஆரோவில். இன்று அங்கே 50-க்கும் மேற்பட்ட நாட்டினர் வாழ்கின்றனர். அவர்களைப் பார்க்க வருகிறவர்களை நம்பி மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து புதுச்சேரி வரை கடற்கரைச் சாலை நெடுக விடுதிகளும் உணவகங்களும் உள்ளன. கொடைக்கானல், ஊட்டி போன்ற மலை வாசஸ்தலங்களைப் போலவே இங்கும் பல நாட்டுச் சமையலைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். அவற்றுள் மெக்சிகோ நாட்டுச் சமையலும் ஒன்று. இதைக் கண்டு நாம் மிரள வேண்டியதில்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரிக்கமேட்டில் ரோமானிய நாட்டு மதுவும் ஆலிவ் எண்ணெயும் ஜாடிகளில் வந்து இறங்கியிருக்கின்றன. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே நடத்திய அகழாய்வில் அந்த ஜாடி ஓடுகள் கிடைத்தன.

தட்டில் இருப்பது என்ன?

டார்ட்டியா என்பது மக்காச்சோள மாவில் தட்டிச் சுடும் மெல்லிய ரொட்டி. அதை மடித்து உள்ளே கறியோ காயோ வைத்தால் டாக்கோ. கோதுமை ரொட்டியில் பீன்ஸ், சோறு முதலியவற்றை வைத்துச் சுருட்டினால் புரிட்டோ. சால்சா என்பது தக்காளி, வெங்காயம், மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு சேர்ந்த ஒரு துவையல். பட்டர் புரூட்டை மசித்து உப்பும் எலுமிச்சையும் சேர்த்தால் குவாக்கமோலே. இந்தப் பட்டியலில் பெரும்பாலும் நம் கடைகளில் விற்கும் சரக்குகளே இருப்பதைக் கவனிக்க வேண்டும். மிளகாய், தக்காளி, மக்காச்சோளம், பப்பாளி, சப்போட்டா ஆகிய எல்லாமே அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய காலத்தில் நம் நாட்டில் மிளகாயே கிடையாது. காரத்துக்கு மிளகுதான்.

ஒரே பெயர், மூன்று மாவு

நாம் தவறும் இடம் மாவுதான். நம் கடைகளில் 'கார்ன்பிளவர்' என்று விற்பது மக்காச்சோளத்தின் ஸ்டார்ச் மட்டுமே. சூப்பைக் கெட்டியாக்க அது உதவும், ரொட்டி தட்ட உதவாது. முழு மக்காச்சோளத்தை அரைத்த மஞ்சள் மாவு இரண்டாவது வகை. வடநாட்டார் ரொட்டி செய்வது இதில்தான்.

மெக்சிகோ முறையில் வேண்டியது மூன்றாவது வகை. தானியத்தைச் சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, கழுவித் தோலை நீக்கி அரைப்பார்கள். அந்த மாவு பிசைந்தால் ஒட்டிக்கொள்ளும். தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்ற வைட்டமினும் உடலில் சேரும். இந்த முறையைக் கற்காமல் மக்காச்சோளத்தை மட்டுமே உண்டு வாழ்ந்த இத்தாலி ஏழைகளும் அமெரிக்காவின் தென்பகுதி ஏழைகளும் பெலாக்ரா நோய்க்குப் பலியானார்கள்.

ஆகவே ஆர்டர் சீட்டில் 'சோள மாவு' என்று வந்தால் எந்த மாவு, எந்தப் பண்டத்துக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு கேட்டால் உணவுத் தரச் சுண்ணாம்பையே வாங்கித் தர வேண்டும். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பை எந்தக் காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது.

தீவனச் சரக்கும் உணவுச் சரக்கும்

தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. மண்டியில் மலிவாக நிற்கும் தீவனச் சரக்கைச் சலித்து, புதுக் கோணியில் கட்டி உணவகத்துக்கு ஏற்றிவிடும் ஆசை யாருக்கும் வரலாம். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. ஈரம் அதிகமுள்ள தானியத்தில் பூஞ்சணம் பிடித்தால் அப்ளாடாக்சின் என்ற நச்சு உண்டாகிறது. அது கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் வழிவகுக்கும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் மணியிலும் அது இருக்கலாம். வேகவைத்தாலும் முழுவதும் நீங்காது. உணவுத் தானியத்தில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம்தான் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு. ஈரம் 12 சதவீதத்தை ஒட்டி இருக்கும்படி காய்ந்த சரக்கை வாங்கி, தனியாக அடுக்கி, அங்கீகாரம் பெற்ற ஆய்வுக் கூடத்தின் சான்றோடு விற்க வேண்டும். விலை கூடுமே என்றால், கூடத்தான் செய்யும். அதைச் சொல்லி விற்பதே வியாபாரம்.

மிளகாய், பழம், உப்பு

மெக்சிகோ மிளகாய் வகைகள் பலவற்றில் நிறமும் மணமும் அதிகம், காரம் குறைவு. அதற்கு மாற்றுக் கேட்டால் சம்பா மிளகாயைக் காட்டக் கூடாது. கர்நாடகத்தின் ப்யாடகி மிளகாயைக் காட்டலாம். நிறம் கொடுக்கும், காரம் அடங்கியிருக்கும்.

பட்டர் புரூட் பழனி மலையின் கீழ்ப்பகுதிகளில் காப்பித் தோட்டங்களுக்கு இடையே விளைகிறது. தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி. 1 என்ற ரகத்தை வெளியிட்டுள்ளது. இந்தப் பழம் மரத்தில் பழுப்பதில்லை, பறித்த பிறகே பழுக்கும். ஆகவே காயாக வாங்கி, சமையல் நாளைக் கேட்டு, மூன்று நாலு நாள் முன்னதாக இறக்கினால் கழிவு குறையும்.

மரக்காணத்து உப்பு பக்கத்திலேயே குவிந்து கிடக்கிறது என்பதற்காக அதை அப்படியே சமையலறைக்கு அனுப்பக் கூடாது. அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்கு விற்கத் தடை உள்ளது. சில்லறை நிலையில் குறைந்தது 15 பி.பி.எம். அயோடின் இருக்க வேண்டும். சாதா உப்பு மீன் பதனிடவும் தோல் பதனிடவும் போகட்டும்.

பில்லும் பாக்கியும்

2022 ஜனவரி 1 முதல் உணவுப் பொருள் பில்லில் நம் உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும். சீசன் உணவகங்களுக்குக் கடன் கொடுப்பதிலும் கவனம் தேவை. சிறு தொழில் சட்டம் (2006) 45 நாள் கெடு வைத்திருக்கிறதே என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். 2021 ஜூலையில் மொத்த, சில்லறை வணிகர்களை அந்தப் பட்டியலில் சேர்த்தது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே. பாக்கி வசூலுக்கான பாதுகாப்பு அதில் வரவில்லை. எனவே தவணை நாள், கடன் வரம்பு, சரக்கைத் திருப்பும் நிபந்தனை ஆகிய மூன்றையும் முதல் லோடுக்கு முன்பே எழுதிக் கையொப்பம் வாங்கிவிட வேண்டும்.

மார்கழி, தை மாதங்களில் பயணிகள் கூட்டம் பெருகும். அதற்குள் அவரவர் பகுதி உணவகங்களின் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு பண்டத்துக்கும் வேண்டிய சரக்கைச் சமையற்காரரிடமே கேட்டுக் குறித்துக்கொள்வோம். முதலாளி விலையைச் சொல்வார்; சரக்கின் குணத்தைச் சொல்லக்கூடியவர் சமையற்காரர்தான்.