ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்ற வேண்டுமா?

கேள்வி: ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுள் முழுவதும் மாற்றத் தேவையில்லை என்கிறார்களே, உண்மையா? மாற்றுவதானால் எதை ஊற்றுவது?

பதில்: டார்க் கன்வர்ட்டர், அதாவது எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகவே கியர்களுக்குக் கடத்தும் உறுப்பு, உள்ள கியர்பாக்ஸில் உராய்வைக் குறைப்பது, வெப்பத்தை அகற்றுவது, அழுத்தத்தால் கிளட்ச் தட்டுகளை இறுக்குவது ஆகிய அனைத்தையும் ஒரே ஆயில் செய்வதால், வெப்பத்தில் அது சிதைவதையும் தட்டுகளின் தேய்மானத் துகள் அதில் சேர்வதையும் எந்த விளம்பர வாசகமும் தடுத்துவிடாது. நெரிசலிலும் மலைப்பாதையிலும் ஓடும் வண்டிக்கு, கையேட்டில் கடும் பயன்பாட்டுக்கெனக் குறித்துள்ள இடைவெளியைப் பின்பற்றுவதே தகும்.

ஆயிலின் சிவப்பு நிறம் வெறும் சாயமே. பொருத்தத்தைத் தீர்மானிப்பது கையேடு கூறும் தரக்குறியீடு. டொயோட்டாவின் டபிள்யூஎஸ், ஹோண்டாவின் டிடபிள்யூ-1, ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸ்ரான் VI ஆகியவை உராய்வுப் பண்பிலும் பிசுபிசுப்பிலும் வேறுபடக்கூடியவை. எஃகுப் பட்டை இரு கப்பிகளுக்கிடையே ஓடும் சிவிடி கியர்பாக்ஸுக்கு அதற்கென அமைந்த ஆயில் வேண்டும். சாதாரண ஏடிஎஃப், அதாவது வழக்கமான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில், ஊற்றினால் பட்டை வழுக்கிப் பழுதாகலாம். கிளட்ச் பெடல் மட்டும் இல்லாத ஏஎம்டி வகையோ பெரும்பாலும் மேனுவல் கியர் ஆயிலையே ஏற்கிறது.

வடிகால் போல்ட்டைத் திறந்தால் ஒரு பகுதி ஆயிலே வெளியேறி, மீதி டார்க் கன்வர்ட்டரில் தங்கிவிடுவதால், சிறிது தூரம் ஓட்டி மீண்டும் வடித்து நிரப்புவது நல்லது. ஆயில் அளவுகோல் இல்லாத பல கியர்பாக்ஸ்களில், ஆயில் கையேடு கூறும் வெப்பநிலையில் இருக்கையில், சமதரையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, மட்டம் பார்க்கும் துளையில் ஆயில் மெல்லச் சொட்டும்போதுதான் அளவு சரியாகும்.