ஒற்றை பிட்டில் இசை

கேள்வி: ஒலிப்பதிவுக் கருவிகளில் இசையை எண்ணாக மாற்றும் சிப், ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டே விடைகளால் அதைச் செய்கிறது என்பது உண்மையா? இம்முறை எங்கே தோன்றியது?

பதில்: பெரும்பாலும் உண்மையே. மைக்கிலிருந்து இடையறாது ஏறி இறங்கி வரும் மின்னழுத்தத்தைக் குறித்த இடைவெளிகளில் அளந்து எண்ணாக எழுதுவது அனலாக்-டிஜிட்டல் மாற்றியின் வேலை. 1982இல் விற்பனைக்கு வந்த சிடி, நொடிக்கு 44,100 அளவீடுகளையும், ஒவ்வொன்றுக்கும் 16 பிட்டுகளையும், அதாவது 65,536 படிநிலைகளையும் வேண்டியது. ஒன்றுக்கொன்று பாதியாகக் குறையும் மின்னோட்டங்களைக் கூட்டிப் பார்த்து அளக்கும் பழைய மாற்றிகளில், மிகப் பெரிய மின்னோட்டத்தின் பிழை மிகச் சிறியதன் அளவைக்கூட எட்டக் கூடாது என்பதால், மின்தடைகளை லேசரால் செதுக்கித் திருத்த வேண்டியிருந்தது.

டெல்டா-சிக்மா எனப்படும் மாற்றி இத்துல்லியத்தைக் கேட்பதேயில்லை. அதிலுள்ள ஒப்பீட்டுச் சுற்று ‘மேலே’ அல்லது ‘கீழே’ என்று மட்டுமே சொல்லும். அந்த முரட்டு விடைக்கும் உண்மை அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தொகைச்சுற்று என்னும் பகுதி சேர்த்து வைத்து அடுத்த விடையில் ஈடுகட்டும். சில்லறை இல்லாத கடைக்காரர் மிஞ்சும் பைசாவை நாள்தோறும் மறுநாள் கணக்கில் ஏற்றி வந்தால், எந்த நாளின் கணக்கும் சரியாக இராவிட்டாலும் மாதக் கணக்கு பிசகாது அல்லவா? இவ்வாறு வழக்கத்தைவிட 64 மடங்கு வேகத்தில், நொடிக்கு 28,22,400 முறை விடை சொல்லும்போது, பிழையால் எழும் இரைச்சலின் பெரும்பகுதி செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண்களுக்குத் தள்ளப்படுகிறது. டிஜிட்டல் வடிகட்டி, அதாவது எண்களின்மேல் கணக்குப் போட்டு வேண்டாத அதிர்வெண்களை நீக்கும் சுற்று, அதை அகற்றி, எஞ்சியதை வழக்கமான பல பிட் எண்களாகத் தொகுத்துத் தருகிறது.

இதன் பிறப்புக்கும் இசைக்கும் தொடர்பில்லை. பிழையைத் திருப்பி ஊட்டும் கருத்துக்கு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கட்லர் 1954இல் விண்ணப்பித்த காப்புரிமை 1960இல் வழங்கப்பட்டது. டெல்டா-சிக்மா என்ற பெயருடன் முழு அமைப்பை 1962இல் விளக்கியவர்கள் தோக்கியோ பல்கலைக்கழகத்தின் இனோசே, யசுதா, முராகாமி ஆகியோர். அவர்கள் கருதிய பயன் தொலைவிலுள்ள கருவிகளின் அளவீடுகளை அனுப்புவது. தொலைபேசிக்காக இதே வழியில் சென்ற பெல் ஆய்வகத்தின் கேண்டி 1974இல் தம் ஆய்வை வெளியிட்டார். ஆயினும் வடிகட்டிக்கு வேண்டிய ஆயிரக்கணக்கான டிரான்சிஸ்டர்களை ஒரே சிலிக்கான் துண்டில் மலிவாகப் பொறிக்க முடிந்த 1980களின் பிற்பகுதியில்தான் இக்கருத்து ஒலிப்பதிவுக்கு வந்தது. சிப் தொழில் மலிவாகத் தந்தது வேகத்தையே, துல்லியமான மின்தடைகளை அல்ல என்பதுதான் இதன் வெற்றிக்கு முதற்காரணம் எனலாம்.

1999இல் வந்த சூப்பர் ஆடியோ சிடி, வடிகட்டித் தொகுக்கும் படியை விட்டுவிட்டு ஒற்றை பிட் ஓட்டத்தையே தட்டில் பதித்தது. ஆனால் ஒற்றை பிட் சுற்று, உள்ளே வரும் ஒலி ஓய்ந்திருக்கும்போது, பிழைகள் ஒரே ஒழுங்கில் சுழன்று, இல்லாத சுருதி ஒன்றைத் தானே எழுப்பிவிடக்கூடியது. ஆதலால் இன்றைய ஒலிப்பதிவு சிப்புகள் பலவற்றில் இரண்டு விடைகளுக்கு மாறாகச் சில பிட் அளவிலான விடைகள் வைக்கப்பட்டுள்ளன.